ஆர்க்டிக்கின் கடந்த காலத்தை ஏரி வண்டலிலும் தொல்பாறையிலும் வாசிக்கும் முறை

கனடாவின் வடகோடித் தீவான எல்ஸ்மியரில் யுரேகா வானிலை நிலையம் 1947-இலும் அலர்ட் நிலையம் 1950-இலும் தொடங்கப்பட்டன. அந்தப் பெருநிலப்பரப்புக்குத் தொடர்ச்சியான வெப்பமானிப் பதிவு அதன் பிறகுதான் கிடைக்கிறது. இன்று ஆர்க்டிக்கில் நிகழும் வெப்ப உயர்வு இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்குமா, அதைத் தாண்டியதா என்று கேட்பவருக்கு இந்த எழுபத்தைந்து, எண்பது ஆண்டுகள் போதாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அறிய ஏரிகளின் அடியில் படிந்த வண்டலையும், கோடிக்கணக்கான ஆண்டுகளை அறியப் பாறை அடுக்குகளையும் நாட வேண்டியிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர், பொதுத் தரவகத்திலிருந்து எண்களை இறக்கிப் பார்ப்பவர், ஏரியடியில் குழாயை இறக்கி எடுத்த ஒரு வண்டல் உருளையின் முன் ஆய்வகத்தில் முதன்முறையாக நிற்கும் மாணவர் ஆகிய மூவருக்கும் பயன்படும்படி இந்த வழிமுறையை எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: வண்டலோ பாறையோ வெப்பநிலையை நேராகச் சொல்வதில்லை. ஓர் ஏரியில் எந்தப் பாசி வளர்ந்தது, எந்தத் துகள் எவ்வளவு வந்து சேர்ந்தது, ஒரு மரத்தின் இலை விளிம்பு எப்படி இருந்தது என்பவற்றையே அவை சொல்கின்றன. அங்கிருந்து தட்பவெப்பத்துக்குப் போகும் ஒவ்வொரு படியையும் நாம்தான் கட்டுகிறோம். ஆகவே அந்தப் படிகளில் எது உறுதியானது, எது ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஏறுவதுதான் சரியான வாசிப்பு.

ஏரியிலிருந்து தொடங்குங்கள்

வண்டலைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஏரியின் வயதைக் கேளுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கனடா, கிரீன்லாந்து, ஸ்காண்டிநேவியா ஆகியவற்றின் பெரும்பகுதி பனிப்படலத்தின் கீழ் இருந்தது. நகரும் பனி அடித்தளத்தைச் சுரண்டி, பழைய ஏரிகளின் சேற்றை வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் அப்பகுதிகளில் உள்ள பெரும்பாலான ஏரிகளின் வரலாறு பனி விலகிய பிறகே, அதாவது கடந்த 12,000 ஆண்டுகளுக்குள்தான், தொடங்குகிறது. பனி இன்னும் பின்னால் விலகிய இடங்களில் அது இதைவிடக் குறுகியது.

இதற்கு அரிய விதிவிலக்குகள் உண்டு. ஆர்க்டிக் ஆய்வின் மிகப் பெரிய செல்வங்கள் அவைதாம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுக்கோத்கா பகுதியில் உள்ள எல்கிகித்கின் ஏரி, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளத்தில் நிற்கிறது. 12 கிலோமீட்டர் அகலமும் சுமார் 170 மீட்டர் ஆழமும் கொண்ட அந்த ஏரிப் பகுதியைப் பெரும் பனிப்படலம் ஒருபோதும் மூடவில்லை. 2009-ஆம் ஆண்டு உறைந்த நீர்ப்பரப்பின் மீது துளைக்கருவியை நிறுத்தி, 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஏரி வண்டலை ஊடுருவி, அதன் கீழுள்ள மோதல் பாறை வரை இறங்கினார்கள். நிலப்பகுதி ஆர்க்டிக்குக்கு இவ்வளவு நீண்ட, இடைவெளி குறைந்த ஏரிப் பதிவு வேறில்லை. இரண்டாவது வகை விதிவிலக்கு பாஃபின் தீவில் கிடைத்தது. அங்கே சிஎஃப்8 என்று குறியிடப்பட்ட சிறு ஏரியைப் பனி மூடத்தான் செய்தது. ஆனால் அந்தப் பனி அடித்தளத்தோடு உறைந்து ஒட்டியிருந்ததால் வழுக்கி நகரவில்லை; சேற்றைச் சுரண்டவும் இல்லை. விளைவாக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண்டுகளில் வந்துபோன வெப்பக் காலங்களின் வண்டல்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

வயதுக்குப் பிறகு, ஏரியின் சூழலைப் பாருங்கள். நீர்வரத்துப் பகுதியில் பனியாறு இருக்கிறதா, சுற்றியுள்ள பாறை சுண்ணாம்பா கருங்கல்லா, நிலக்கரி அடுக்குகள் வெளித்தெரிகின்றனவா, கரைகள் செங்குத்தானவையா, கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் பாறைமுகடு அருகில் உள்ளதா என்ற ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு வரும் படிகளில் வேலை இருக்கிறது. செங்குத்துச் சரிவின் அடியில் எடுத்த உருளை, சரிந்து விழுந்த சேற்றின் கதையைத்தான் பெரும்பாலும் சொல்லும். ஏரியின் ஆழமான, தட்டையான நடுப்பகுதியே ஏற்ற இடம்.

வண்டலை எடுத்தல்

ஏரி உறைந்திருக்கும் வசந்தத் தொடக்கமே வசதியான பருவம், பனித்தளமே மேடையாகிவிடுகிறது. இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேலடுக்கு கலையாமல் கிடைத்ததா? ஆழமாக இறங்கும் கனமான குழாய், நீர் போலத் தளர்ந்திருக்கும் மேற்சேற்றைச் சிதறடித்துவிடும். அதனால் மெல்ல இறங்கி மேற்பரப்பைக் கலைக்காமல் எடுக்கும் குட்டைக் குழாய் ஒன்றையும், நீண்ட குழாய் ஒன்றையும் தனித்தனியே பயன்படுத்தி, இரண்டையும் அடுக்குகளின் அடையாளத்தால் பொருத்துவார்கள். கடந்த நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேசும் ஆய்வில் இந்தக் குட்டை உருளை இல்லையென்றால், அதன் முடிவை ஏற்கத் தயங்குங்கள். ஆர்க்டிக் ஏரிகளில் வண்டல் மிக மெதுவாகவே படிகிறது. மேலே சில சென்டிமீட்டர் தொலைந்தால் ஒரு நூற்றாண்டே தொலைந்துபோகலாம்.

கருவிக்கு முன் கண்

உருளையை நீளவாக்கில் பிளந்ததும் படம் எடுத்து, நிறத்தையும் அடுக்கமைப்பையும் எழுதி வையுங்கள். மாவுபோல் நுண்ணிய சாம்பல்நிறக் களி, பனியாறு பாறையை அரைத்துத் தந்தது. பழுப்பு அல்லது கரும்பச்சைச் சேறு, உயிர்ப்பொருள் மிகுந்தது. கீழே கரடுமுரடாகத் தொடங்கி மேலே போகப் போக நுண்மையாகும் ஒரு பட்டை, ஒரே நிகழ்வில் சரிந்து வந்து படிந்ததாக இருக்கக்கூடும். அதன் தடிமனைக் காலக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். நுண்சேற்றின் நடுவே தனித்து நிற்கும் ஒரு கூழாங்கல், மிதந்த பனிக்கட்டி சுமந்து வந்து உருகிக் கைவிட்டதாக இருக்கலாம்.

மெல்லிய கோடுகளைக் கண்டால் ஆண்டு அடுக்குகள் என்று உடனே எண்ணத் தொடங்குவது இயல்பு. கோடையில் உருகுநீர் கொண்டுவரும் பருமணலும், குளிர்காலத்தில் பனிமூடியின் கீழ் அமைதியாக இறங்கும் நுண்களியும் சேர்ந்து ஓராண்டுக்கு ஓர் இணையாக அமைவது உண்மைதான். ஸ்வீடனின் ஜெரார்ட் டி கீர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அத்தகைய இணைகளை எண்ணிப் பனி விலகிய வேகத்தைக் கணக்கிட்டார். ஆனால் எல்லாக் கோடும் ஆண்டுக் கோடு அல்ல. எல்கிகித்கின் வண்டலே இதற்குச் சிறந்த பாடம். அங்கே கருஞ்சாம்பல் நிறக் கோடுகள் கொண்ட பகுதிகள் கடுங்குளிர் காலத்துக்கு உரியவை. ஆண்டு முழுவதும் பனி மூடியிருந்ததால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தது; சேற்றைக் கிளறும் உயிர்கள் இல்லாததால் கோடுகள் கலையாமல் நின்றன. மிதமான காலங்களின் வண்டல் கிளறப்பட்டு ஒரே சீராகக் காணப்படுகிறது. மிக வெப்பமான இடைக்காலங்களிலோ செம்பழுப்பு நிறத்தில், மங்கலான கோடுகளோடு வேறொரு வகை வண்டல் தோன்றுகிறது. ஆகவே கோடு இருக்கிறதா என்று பார்த்ததும், அது ஏன் கலையாமல் நின்றது என்றும் கேளுங்கள். ஆண்டு அடுக்கு என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அடுத்த பகுதியில் வரும் வேறொரு கடிகாரத்தோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும்.

காலத்தைக் கட்டுதல்

ஆர்க்டிக் ஏரி ஆய்வில் அதிகத் தவறு நேரும் இடம் இதுதான் என்பது என் கருத்து. எவ்வளவு அழகான வரைபடமாக இருந்தாலும், காலக்கோடு பிசகினால் எல்லாம் பிசகும். எனவே ஒரு கட்டுரையைத் திறந்ததும் முடிவுரைக்குப் போகாமல், முதலில் வயது–ஆழ வரைபடத்தைத் தேடுங்கள்.

கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஈயம்-210 பயன்படுகிறது. மண்ணிலிருந்து வெளியேறும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து இந்த ஈயமாகி, மழையோடும் பனியோடும் இறங்கி ஏரியில் சேர்கிறது. சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஆர்க்டிக்கில் நிலம் பெரும்பாலான மாதங்கள் உறைந்து பனிமூடிக் கிடப்பதால் ரேடான் குறைவாகவே வெளிவருகிறது. ஆகவே இந்த அடையாளமும் மங்கலாகவே கிடைக்கிறது. இதைச் சரிபார்க்கச் சீசியம்-137 உதவுகிறது. வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமான அது, 1963-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டது. ஈயம் சொல்லும் 1963-உம் சீசியம் சொல்லும் 1963-உம் ஒரே ஆழத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

அதற்கு முந்தைய காலத்துக்குக் கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை எட்டும். ஆர்க்டிக்கில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இறந்த தாவரம் உறைமண்ணில் மக்காமல் ஆயிரம் ஆண்டுகள் கிடந்து, பிறகு கரை அரிப்பில் ஏரிக்கு வரலாம். அப்படி வந்தால், நேற்றுப் படிந்த சேறும் ஆயிரம் ஆண்டு வயதைக் காட்டும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்து வரும் கார்பனை நீர்த்தாவரங்கள் எடுத்துக்கொண்டாலும் இதே விளைவுதான். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் போன்ற இடங்களில் நிலக்கரித் துகள் ஏரிக்குள் விழுகிறது. அதில் கார்பன்-14 அறவே இல்லை என்பதால் வயது இன்னும் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே மொத்தச் சேற்றை அளந்து பெற்ற வயதைவிட, குறுவில்லோ போன்ற நிலத்தாவரத்தின் மென்மையான இலைத்துண்டில் பெற்ற வயதை அதிகம் நம்பலாம். மென்மையான இலை நெடுந்தூரம் உருண்டு, நெடுங்காலம் கிடந்து வந்திருந்தால் முழுதாக நின்றிருக்காது. இந்த அளவீடுகள் எத்தனை, எந்தப் பொருளில் செய்யப்பட்டவை, ஆழம் கூடக் கூட வயதும் கூடுகிறதா, இடையில் தலைகீழாகும் எண்களை ஆய்வாளர்கள் எந்தக் காரணத்தால் விலக்கினார்கள் என்று கேளுங்கள்.

எரிமலைச் சாம்பல் இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம். ஐஸ்லாந்தின் காத்லா எரிமலையிலிருந்து சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முன் எழுந்த வெட்டே சாம்பல், நார்வேயின் ஏரிகளிலும் கிரீன்லாந்துப் பனிக்கட்டியிலும் ஒருங்கே கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கண்ணாடித் துகளாக இருந்தாலும் அதன் வேதியியல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இடங்களை ஒரே நாளில் நிறுத்திப் பார்க்க இதைப் போன்ற வாய்ப்பு வேறில்லை.

கார்பன்-14 எட்டாத ஆழத்தில், பூமியின் காந்தப்புலம் தலைகீழாகிய நிகழ்வுகள் கைகொடுக்கின்றன. அவற்றுள் கடைசியானது சுமார் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. எல்கிகித்கினின் காலக்கோடு இத்தகைய காந்த மாற்றங்களை ஆணிகளாக அடித்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளை, பூமியின் சுற்றுப்பாதை மாறுவதால் கூடிக் குறையும் சூரிய ஒளியின் வானியல் கணக்கோடும் கடல் வண்டலின் பதிவோடும் பொருத்தி அமைக்கப்பட்டது. இது முறையான வழிதான். ஆயினும் இப்படிப் பொருத்தப்பட்ட காலக்கோட்டை வைத்துக்கொண்டு, ஏரி முன்னதாக வெப்பமடைந்ததா, கடல் முன்னதாகவா என்ற கேள்விக்கு விடை தேடக் கூடாது. விடையின் ஒரு பகுதியை ஏற்கெனவே கேள்விக்குள் வைத்துவிட்டோம்.

சான்றுகளைத் தேர்ந்து படித்தல்

டயட்டம் எனப்படும் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளை முதலில் சொல்கிறேன். ஆர்க்டிக்கில் அவை பனிமூடியின் வரலாற்றையே எழுதுகின்றன. குளிர்ந்த ஆண்டில் ஏரியின் கரையோரம் மட்டும் ஒரு குறுகிய வளையமாக உருகும். அங்கே கல்லிலும் சேற்றிலும் ஒட்டி வாழும் சில சிறிய இனங்களே பெருகும். கோடை நீண்டால் பாசம் (மாஸ்) என்னும் சிறு தாவரம் படர்ந்து, அதில் ஒட்டி வாழும் பலவகை இனங்கள் வந்து சேரும். ஆழமான ஏரி முழுவதும் திறந்துகொண்டால், நீரில் மிதக்கும் இனங்கள் பெருகும். எல்ஸ்மியர் தீவின் கேப் ஹெர்ஷெல் குளங்களின் வண்டலை ஆராய்ந்த மரியான் டக்ளஸ், ஜான் ஸ்மோல் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளரும் 1994-இல் வெளியிட்ட முடிவு இந்த வகையில் முன்னோடியானது: பல ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறாதிருந்த டயட்டம் கூட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அடியோடு மாறியிருந்தது. அந்தக் குளங்களில் சில 2006-ஆம் ஆண்டுக் கோடையில் முற்றாக வற்றிப்போனதை அதே ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிந்தார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகள் நீர் நின்ற இடம் ஒரு மனிதரின் பணிக்காலத்துக்குள் வறண்டது என்பதைப் படிக்கும்போது என் மனம் கனக்கிறது.

கைரோனோமிட் எனப்படும், கடிக்காத கொசுபோன்ற பூச்சிகளின் புழுக்கள் தலையோட்டைச் சேற்றில் விட்டுச் செல்கின்றன. எந்த இனம் எவ்வளவு குளிரில் வாழ்கிறது என்பதை இன்றைய பல ஏரிகளில் அளந்து, அந்தத் தொடர்பைப் பழைய அடுக்குகளுக்குப் பொருத்திக் கோடை வெப்பநிலையைக் கணிப்பார்கள். இந்த முறையின் பிழை வரம்பு பெரும்பாலும் 1 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். எனவே அரை டிகிரி ஏற்ற இறக்கத்தை ஒரே ஏரியின் பூச்சித் தலைகளைக் கொண்டு யாராவது வாதிட்டால், அதை ஒதுக்கி வையுங்கள். அந்தக் கணிப்பு கோடையைப் பற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆர்க்டிக் ஏரியில் உயிர் இயங்குவது ஓரிரு மாதங்கள்தாம்; குளிர்காலம் எவ்வளவு மாறினாலும் இந்தச் சான்றுகளில் பெரும்பாலும் அது தெரியாது.

மகரந்தத்தைப் படிக்கும்போது தூரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். பைன் மகரந்தம் காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, மரமே இல்லாத தூந்திர நிலத்து ஏரியில் விழும். உள்ளூர்த் தாவரங்கள் தரும் மகரந்தம் அங்கே குறைவு என்பதால், வந்தேறிய பைனின் விகிதம் பெரிதாகத் தோன்றும். விகிதத்தோடு, ஆண்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மணிகள் விழுந்தன என்ற கணக்கும் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலைத்துண்டோ விதையோ கூடவே கிடைத்தால் ஐயம் தீரும். வண்டலில் எஞ்சிய டிஎன்ஏ இந்தத் துறையையே மாற்றிவருகிறது. அது பெரும்பாலும் நீர்வரத்துப் பகுதிக்குள்ளிருந்தே வருகிறது. குளிர் அதைக் காக்கிறது. வட கிரீன்லாந்தின் காப் கோபென்ஹாவ்ன் படிவுகளிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் பழமையான டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, கர்ட் கேர், எஸ்கே வில்லர்ஸ்லெவ் ஆகியோரின் குழு 2022-இல் வெளியிட்டது. இன்று துருவப் பாலையாகக் கிடக்கும் அந்த இடத்தில் பாப்லர், பிர்ச் மரங்களும், கலைமான், முயல் ஆகியவையும், யானைக்கு உறவான மாஸ்டோடானும் இருந்தன என்று அது காட்டியது.

இவற்றோடு இலைமெழுகில் உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை) மழை, பனியின் மூலத்தையும், டைட்டானியம் போன்ற தனிமங்களின் அளவு நிலத்திலிருந்து அடித்துவந்த மண்ணையும், 550 டிகிரியில் எரித்து அறியும் எடையிழப்பு உயிர்ப்பொருளின் பங்கையும் சொல்லும்.

மாசுக்கும் வண்டல் சான்று தரும். நார்வேக்கு வடக்கே பியர்னோயா தீவின் எல்லாசியோயன் ஏரியில், அருகே எந்தத் தொழிற்சாலையும் இல்லாத நிலையிலும், பிசிபி போன்ற நச்சுச் சேர்மங்கள் மிகுதியாகக் காணப்பட்டன. கடலில் இரை தின்று ஏரிக்கரையில் எச்சமிடும் கடற்பறவைகளே அவற்றைச் சுமந்து வந்தன. பறவை எச்சம் சேரும் ஏரியில் ஊட்டச்சத்தும் கூடும். அங்கே பாசி பெருகியதை வெப்பத்தின் விளைவு என்று படித்தால் தவறாகும்.

பனியாறும் கடலும் விட்ட தடங்கள்

பனியாறு பெருத்து ஒரு மேட்டைத் தாண்டினால் மட்டுமே உருகுநீர் வந்து சேரும்படி அமைந்த ஏரிகள் கிரீன்லாந்தின் விளிம்பில் பல உள்ளன. அத்தகைய ஏரியின் வண்டலில் பழுப்புச் சேறு இருக்கும் வரை பனியாறு சிறியது. சாம்பல்களி தொடங்கும் இடத்தில் அது எல்லையைத் தாண்டிவிட்டது. இந்தச் சான்று ஆம், இல்லை என்ற அளவில் மட்டும் பேசும். அந்த எளிமையே அதன் வலிமை. கடலோரத்தில், பனியின் சுமை நீங்கி நிலம் உயர்ந்தபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு நன்னீரான ஏரிகளும் உண்டு. உப்புநீர் டயட்டம் நன்னீர் டயட்டத்துக்கு இடம்விடும் அடுக்கின் வயதையும், ஏரி வாயிலின் இன்றைய உயரத்தையும் சேர்த்தால், அந்நாளில் கடல்மட்டம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு புள்ளி கிடைக்கிறது. வெவ்வேறு உயரங்களில் உள்ள பல ஏரிகளின் புள்ளிகளை இணைத்தால் நிலம் உயர்ந்த வேகம் தெரியும்.

பாறைக்குப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஏரி வண்டலில் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னே போனால் அது நடக்காது. ஆகவே ஆர்க்டிக் பாறை எதைக் கண்டாலும், அது உருவானபோது அந்த நிலம் எந்த அட்சரேகையில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். எரிமலைப் பாறையிலும் நுண்படிவிலும் உறைந்து நிற்கும் காந்தச் சாய்வு இதற்கு விடை தரும். நிலநடுக்கோட்டருகே அது கிடைமட்டமாகவும், துருவத்தருகே செங்குத்தாகவும் அமையும்.

எல்ஸ்மியர் தீவில் 2004-ஆம் ஆண்டு நீல் ஷூபின், டெட் டேஷ்லர் ஆகியோரின் குழு கண்டெடுத்த டிக்டாலிக், மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர். அதன் வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள். அது வாழ்ந்த வெதுவெதுப்பான ஆறுகளைக் கொண்டு ஆர்க்டிக் அந்நாளில் வெப்பமாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஏனெனில் அந்த நிலம் அப்போது நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தது. ஸ்வால்பார்டில் உள்ள, டிக்டாலிக் வாழ்ந்த அதே டெவோனியக் காலத்துக் காட்டின் அடிமரங்களும் அவ்வாறே வெப்பமண்டலத்துக்கு உரியவை. இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்வால்பார்டில் 60 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில் பனியாறு விட்டுச்சென்ற கற்கலவைப் படிவுகள் இருக்கின்றன. அவற்றின் மேலும் கீழும் சூடான ஆழமற்ற கடலில் உருவாகும் கார்பனேட் பாறைகள் கிடக்கின்றன. நிலம் தாழ்ந்த அட்சரேகையில் இருந்தபோதே பனி அங்கு வந்திருக்கிறது. ஆர்க்டிக்கின் குளிரைப் பற்றி எதுவும் சொல்லாத அந்தப் பாறை, உலகம் முழுவதும் உறைந்திருந்த ஒரு காலத்துக்குச் சான்றாகிறது.

இனி உண்மையிலேயே ஆர்க்டிக்குக்கு உரிய பாறைகளுக்கு வருவோம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஈயோசீன் காலத்தில், எல்ஸ்மியர் தீவு ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருந்தது. மாதக்கணக்கில் நீளும் துருவ இரவு அப்போதும் இருந்தது. அந்தப் பாறைகளில் 1970-களில் மேரி டாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அலிகேட்டர் இன முதலை, ஆமை, பாலூட்டிகள் ஆகியவற்றின் எச்சங்களைக் கண்டார்கள். பற்களிலும் எலும்புகளிலும் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைப் பின்னாளில் அளந்தபோது, மிகக் குளிர்ந்த மாதமும் உறைநிலைக்குக் கீழே போகவில்லை என்ற கணிப்பு கிடைத்தது. முதலை தனியாகச் சொல்லும் சான்றும் இதையே சொல்கிறது: உறைபனி நீடிக்கும் குளிர்காலத்தை அந்த உயிரினம் தாங்காது. உடலமைப்பும் வேதியியலும் வெவ்வேறு வழியாக ஒரே முடிவுக்கு வரும்போதுதான் அந்த முடிவில் கால் ஊன்றி நிற்கலாம்.

அருகிலுள்ள ஆக்செல் ஹைபெர்க் தீவில், சுமார் 4.5 கோடி ஆண்டுப் பழமையான மெட்டாசெக்கோயா காட்டின் அடிமரங்கள் நின்ற நிலையிலேயே இருக்கின்றன. அவை கல்லாகவில்லை, மரமாகவே, அறுக்கவும் எரிக்கவும் கூடிய நிலையில் உள்ளன. வேர் மண்ணில் ஊன்றி நிற்பதால் அவை வேறிடத்திலிருந்து அடித்துவரப்பட்டவை அல்ல என்பது தெளிவு. இந்த வேறுபாடு முக்கியமானது. கடலோரப் படிவில் கிடக்கும் தனி மரத்துண்டு ஆற்றில் மிதந்து ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கலாம். மகரந்தமும் நுண்வித்தும் பழைய பாறையிலிருந்து அரித்துப் புதிய படிவில் சேர்வதும் ஆர்க்டிக்கில் அடிக்கடி நிகழ்கிறது. ஆழத்தில் சூடேறிய பழைய வித்தின் சுவர் கருத்திருக்கும். நுண்ணோக்கியில் நிற வேறுபாட்டைப் பார்த்து அதைப் பிரித்தறியுங்கள்.

டைனோசர்கள் வாழ்ந்த, வெப்பமான காலம் என்ற பெயர் பெற்ற கிரெட்டேசியக் காலத்தையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடக் கூடாது. ஸ்வால்பார்டிலும் கனடியத் தீவுகளிலும் அக்காலப் படிவுகளில் கிளெண்டோனைட் என்னும் முள்முள்ளான கனிமக் கட்டிகள் கிடைக்கின்றன. அவற்றின் மூலக் கனிமம், உறைநிலையை ஒட்டிய கடலடிக் குளிரில்தான் இயற்கையில் பெரும்பாலும் உருவாகிறது. நீண்ட வெப்பக் காலத்துக்குள் குளிர்ந்த இடைவெளிகள் இருந்தன என்பதற்கு அவை அடையாளம்.

பல சான்றுகளை ஒரே காலத்தில் நிறுத்துதல்

இந்த வாசிப்பு எவ்வளவு வலிமை பெற முடியும் என்பதைச் சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெப்ப இடைக்காலத்தை வைத்துக் காட்டுகிறேன். எல்கிகித்கின் வண்டலில் அக்காலத்துக்கு உரிய அடுக்கு செம்பழுப்பு நிறம் கொண்டது. அதில் உள்ள மகரந்தம், கோடை இன்றைவிட 4 முதல் 5 டிகிரி வெப்பமாக இருந்ததாகக் காட்டுகிறது. கிரீன்லாந்துக்குத் தெற்கே கடலடியில் எடுத்த வண்டலில், அதே காலத்தில் ஸ்ப்ரூஸ் மகரந்தம் திரளாக இருக்கிறது. இன்று பனிக்கட்டி மூடிய தென் கிரீன்லாந்தில் அப்போது காடு இருந்தது என்பதே அதற்கு இயல்பான விளக்கம். மூன்றாவது சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1966-இல் வடமேற்குக் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் பனியைத் துளைத்தபோது அடியிலிருந்து சில மீட்டர் மண்ணும் எடுக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த மண் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வில், அதன் மேற்பகுதி கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டது சுமார் 4,16,000 ஆண்டுகளுக்கு முன் என்று தெரிய வந்தது. அதில் பாசத்தின் துணுக்குகளும் சுள்ளிகளும் இருந்தன.

ஏரி, கடல், பனிக்கு அடியிலுள்ள மண் என மூன்று இடங்கள். மகரந்தம், மண்துகள் கடைசியாக ஒளியைக் கண்ட காலத்தை அறியும் ஒளிர்வு முறைக் கணிப்பு என வெவ்வேறு வழிகள். ஒன்றின் பிழை மற்றொன்றில் தொற்றும் வாய்ப்பு குறைவு. மூன்றும் சேர்ந்து, கிரீன்லாந்துப் பனியின் கணிசமான பகுதி அக்காலத்தில் உருகியிருந்தது என்கின்றன. அப்போது காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவில்தான் இருந்தது; மிதமான வெப்பம் நெடுங்காலம் நீடித்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இந்தச் சான்றுகளை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

காரணத்தைத் தனியே கேளுங்கள்

ஆர்க்டிக் முன்பும் வெப்பமாக இருந்தது என்பதால் இன்றைய வெப்பம் இயல்பானதே என்ற வாதத்தை அடிக்கடி கேட்க நேரும். முதல் பாதி உண்மை. அதிலிருந்து இரண்டாம் பாதி வருவதில்லை. கடைசிப் பனியுகத்துக்குப் பின் தொடங்கி இன்றுவரை நீளும் ஹோலோசீனின் தொடக்கத்தில், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் சுற்றுப்பாதை அமைப்பால் வடதுருவப் பகுதிக்குக் கோடை ஒளி இன்றைவிட அதிகமாகக் கிடைத்தது. அதன் விளைவாக வந்த வெப்பம், எஞ்சியிருந்த பனிப்படலத்தின் தொலைவைப் பொறுத்து இடத்துக்கு இடம் வெவ்வேறு ஆயிரமாண்டுகளில் உச்சம் தொட்டது. அதன் பிறகு கோடை ஒளி மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. ஏரி வண்டல், பனிக்கட்டி, மரவளையம் ஆகியவற்றைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடந்த 2,000 ஆண்டுகளில் பெரும்பகுதி ஆர்க்டிக் கோடை மெல்லக் குளிர்ந்துவந்ததையும், இருபதாம் நூற்றாண்டில் அது தலைகீழானதையும் காட்டியது. பாஃபின் தீவின் சிஎஃப்8 ஏரியிலும் அண்மைப் பத்தாண்டுகளில் தோன்றிய உயிரினச் சேர்க்கை முந்தைய இரண்டு லட்சம் ஆண்டு வண்டலில் இல்லை. சுற்றுப்பாதை குளிரை நோக்கித் தள்ளும் காலத்தில் ஏரி வெப்பத்தை நோக்கிப் போகிறது என்றால், தள்ளும் விசை வேறெங்கோ இருக்கிறது. வெகு முந்தைய பிளியோசீன் காலத்தின் நிலை வேறு. 36 முதல் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எல்கிகித்கின் பகுதியின் கோடை இன்றைவிட ஏறத்தாழ 8 டிகிரி வெப்பமாக இருந்தது; காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்கை ஒட்டி இருந்ததாக வேறு வகைச் சான்றுகள் கணிக்கின்றன. இன்றைய அளவு அதைக் கடந்துவிட்டது.

தரவை நீங்களே திறந்து பார்க்க

மேலே சொன்னவற்றுள் பலவற்றின் எண்கள் பொதுவில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் தொல்தட்பவெப்பத் தரவகமும், ஜெர்மனியின் பங்கேயா தரவகமும், மகரந்தம், டயட்டம் போன்றவற்றுக்கு நியோடோமா தரவகமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. முதலில் ஆழத்தையும் வயதையும் கொண்ட அட்டவணையை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிடுங்கள். ஐம்பது ஆண்டுகளைச் சராசரியாக்கிய ஒரு துண்டின் வெப்பநிலையை, ஒரே ஓர் ஆண்டின் வெப்பமானி அளவோடு ஒப்பிடுவது முறையாகாது. வெப்பமானிப் பதிவையும் அதே ஐம்பது ஆண்டுக்குச் சராசரியாக்கிய பிறகே இரண்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். வயது "தற்போதுக்கு முன்" என்று தரப்பட்டிருந்தால், கார்பன் கணக்கில் அந்தத் "தற்போது" 1950-ஐக் குறிக்கும் என்பதை மறவாதீர்கள்.

நேரில் போய்ச் சேகரிக்க எண்ணுபவருக்கு: எல்ஸ்மியர், பாஃபின் தீவுகள் அடங்கிய கனடாவின் நுனாவுட் பகுதியில் ஆய்வு செய்ய நுனாவுட் ஆய்வு நிறுவனத்தின் உரிமம் வேண்டும், இனுயிட் மக்களின் நிலத்தில் இறங்க அவர்களின் ஒப்புதலும் வேண்டும். தொல்லுயிர் எச்சங்களுக்குத் தனி அனுமதி தேவை. ஆக்செல் ஹைபெர்க் காட்டின் மரம் மிதித்தால் நொறுங்கும் அளவுக்கு மென்மையானது. உரிமம் இருந்தாலும், அடுக்கின் திசையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளாமல் அங்கிருந்து ஒரு துண்டையும் எடுக்காதீர்கள். இடம் குறிக்கப்படாத மாதிரியால் எந்தக் காலத்தையும் வாசிக்க முடியாது.